பிரேக் மிதிச்சா இண்டிகேட்டர் ஏன் எரியுது?

இன்னைக்கு ஒரு விசித்திரமான கோளாறு. படகு ஏத்தின டிரெய்லரை வண்டியில மாட்டியாச்சு. இடது இண்டிகேட்டர் போட்டா டெயில் லைட்டும் சேர்ந்து சிமிட்டுது. பிரேக் மிதிச்சா பின்னாடி எல்லாமே மங்கலா எரியுது. பல்பை மாத்துறாங்க, ஃபியூஸை மாத்துறாங்க, ஃப்ளாஷர் ரிலேயையும் மாத்துறாங்க. ஒண்ணும் சரியாகல.

புதுச்சேரியில இதுக்கு முதல் சந்தேகம் எர்த் மேலதான். வைத்திக்குப்பத்துல வாசல்ல நிறுத்துற ஸ்கூட்டருக்கே உப்புக்காத்து போதும். தேங்காய்த்திட்டு துறைமுகம் போய்வர்ற டிரெய்லர் கடல்தண்ணியிலயே நனையுது.

பேட்டரியோட ப்ளஸ்ல கிளம்புற கரண்ட், பல்பு வழியா மைனஸுக்குத் திரும்பணும். போறதுக்கு ஒயர் இருக்கு. திரும்புறதுக்கு? பெரும்பாலும் வண்டியோட இரும்புதான். பல டிரெய்லர்ல தனி எர்த் ஒயரே கிடையாது. இழுக்குற கொக்கி வழியாத்தான் கரண்ட் திரும்புது. அந்தக் கொக்கியில கிரீஸ், துரு, உப்பு. நிக்கும்போது எரியும், பள்ளத்துல குதிச்சா அணையும். சரியான வழி அடைபட்டா கரண்ட் பக்கத்து பல்புக்குள்ள புகுந்து வேற ஒயர்ல திரும்பப் பார்க்கும். சம்பந்தமே இல்லாத விளக்கு எரியுறது அதனாலதான்.

மல்டிமீட்டரோட பீப் சத்தத்தை இங்க நம்பாதீங்க. ஒரு ஓம் தடை இருந்தாலும் அது சந்தோஷமா பீப் அடிக்கும். ஆனா 21 வாட் பிரேக் பல்பு ரெண்டு சேர்ந்தா மூணரை ஆம்பியர் இழுக்கும். அந்த ஒரு ஓம்ல ரெண்டரை வோல்ட்டுக்கு மேல காணாமப் போயிடும். வெளிச்சம் பாதிகூட இருக்காது. அதனால விளக்கு எரியும்போதே சோதிக்கணும். ஒருத்தர் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்கட்டும். மீட்டரை டிசி வோல்ட்டுல வச்சு, ஒரு முனையை பேட்டரி மைனஸ்லயும் இன்னொண்ணை பல்பு ஹோல்டரோட எர்த்துலயும் வைங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா திருடன் அந்த வழியிலதான் இருக்கான். மீட்டர் இல்லையா? ஒரு நீள ஒயரால பேட்டரி மைனஸையும் ஹோல்டர் இரும்பையும் நேரா இணைச்சுப் பாருங்க. விளக்கு பளிச்சுனு ஆனா விடை கிடைச்சாச்சு.

சரி பண்ண பெரிய செலவில்ல. எர்த் போல்ட்டைக் கழட்டி, இரும்பு மின்னுற வரைக்கும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும். (உப்பு பண்ணின வேலைக்கு உப்புத்தாள்!) இறுக்கின பிறகு மேல வாசலின் தடவுங்க. டிரெய்லர்னா சாக்கெட்டுலேர்ந்து ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் இழுத்துடுங்க; வெள்ளீயம் பூசின செம்பு ஒயர் கிடைச்சா இன்னும் நல்லது. சாதாரண செம்புல உப்புத்தண்ணி உறைக்குள்ளயே ஊறி ஏறும். வெளியில பார்த்தா புதுசு, உறையைச் சீவினா உள்ள கருப்பு. டிரெய்லரைத் தண்ணியில இறக்குறதுக்கு முன்னாடி சாக்கெட்டைக் கழட்டிடுங்க. சூடான பல்பு மேல குளிர்ந்த தண்ணி பட்டா கண்ணாடி விரிசல் விடும்.

இவ்வளவு மெனக்கெடணுமான்னு கேட்டா, விடியக்காலை மூணு மணிக்கு ஈசிஆர்ல பின்னாடி விளக்கு இல்லாம போற டிரெய்லரை நினைச்சுப் பாருங்க. பைக்ல பின்னாடி வர்றவருக்கு, டிரெய்லருக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருக்குற படகு கடைசி நொடியிலதான் தெரியும்.

படகே இல்லாதவங்களுக்கும் ஒண்ணு. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மழையில ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர்ப் பக்கம் வண்டிங்க தண்ணியில நின்னுச்சே, அதுங்களுக்கும் இதே கதைதான். தண்ணி வடிஞ்சு பல மாசம் கழிச்சுக்கூட கப்ளருக்குள்ள பச்சை பூக்கும். இங்க செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கப் போனா, பெயின்ட்டைப் பார்க்குறதுக்கு முன்னாடி சீட்டைத் தூக்கி எர்த் போல்ட்டையும் ஒயர் கப்ளரையும் பாருங்க. பச்சையா இருந்தா விலையைக் குறைச்சுக் கேளுங்க, இல்ல அடுத்த வண்டியைப் பாருங்க.