இரண்டாம் சுற்றில் உட்காரும் பிள்ளை
(ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரை)



'செல்லின் ஆற்றல் நிலையம் எது?' என்று எத்தனை தேர்வுகளில் கேட்டிருப்போம்! மைட்டோகாண்ட்ரியா என்று எழுதினால் ஒரு மதிப்பெண். "அந்த நிலையம் பழுதானால் என்ன ஆகும், சார்?" என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். நாளை சொல்கிறேன் என்றேன். எனக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

தேடியபோது ஸ்வீடன் நாட்டுப் பெண் ஒருவரைப் பற்றிப் படித்தேன். வயது 35. அந்தக் குளிர்நாட்டிலும் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. நிறையச் சாப்பிட்டும் உடம்பு தேறவில்லை, தசைகள் வலுவிழந்தன. தைராய்டோ என்று பார்த்தால் அதுவும் இல்லை. ரோல்ஃப் லுஃப்ட் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் அவரது தசையில் ஒரு துணுக்கை எடுத்து ஆராய்ந்து, 1962-இல் காரணத்தை வெளியிட்டார்கள். உணவு எரிந்தது, ஆனால் அந்த எரிதல் ஏடிபி உருவாவதோடு சரியாக இணையவில்லை. ஆற்றல் வெப்பமாக வீணானது. செயின் வழுக்கும் சைக்கிளை மிதித்துப் பார்த்திருப்பீர்கள். கால் சுற்றும், வியர்க்கும், வண்டி மட்டும் நகராது. மைட்டோகாண்ட்ரியா நோய் என்று மருத்துவ உலகம் முதலில் அடையாளம் கண்டது இதைத்தான்.

மைட்டோகாண்ட்ரியாவுக்கெனத் தனி டிஎன்ஏ உண்டு. 37 மரபணுக்கள், தாய்வழியாக வருபவை. அதில் ஓர் எழுத்து மாறினாலே சிலருக்குச் சர்க்கரை நோயும் செவித்திறன் குறைவும் சேர்ந்து வருகின்றன. இவை அரிய நோய்கள்.

நம் வீடுகளில் காணும் சர்க்கரை நோய் வேறு. ஆனால் அங்கும் தசை முக்கியம். இன்சுலின் சொல்கேட்டுக் குளுக்கோஸைப் பெருமளவில் உள்வாங்குவது அதுதான். அந்நோயுள்ள பெற்றோரின் ஒல்லியான பிள்ளைகளில், இன்சுலினுக்குச் சரியாகப் பணியாத தசையுடையவர்களை யேல் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தார்கள். அவர்களது மைட்டோகாண்ட்ரியாவின் செயல்பாடு சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. இது 2004-இல் வெளியானது. குறைபாடு நோய்க்குக் காரணமா, விளைவா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

ஓட்டப்பயிற்சி பெற்ற எலிகளின் தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் நொதிச் செயல்பாடு சுமார் இரு மடங்கானதை ஜான் ஹோலோஸி 1967-லேயே காட்டிவிட்டார். நானோ பாடம் முடிக்க உடற்கல்விப் பாடவேளையைக் கடன் வாங்கியே பழகியவன். திருப்பிக் கொடுத்ததாக நினைவில்லை.

அதற்காக எல்லாப் பிள்ளைகளையும் விரட்டி ஓடவைக்கச் சொல்லவில்லை. மைதானத்தில் இரண்டாம் சுற்றிலேயே உட்கார்ந்துவிடும் பையன் ஒருவனை நான் 'சோம்பேறி' என்றே கூப்பிட்டிருக்கிறேன். பிள்ளைகளின் களைப்புக்குப் பெரும்பாலும் காலை உணவின்மை, தூக்கக் குறைவு, ரத்தசோகை போன்றவையே காரணம். ஆனால் களைப்போடு இமை தொங்குதல், காது மந்தம், அடிக்கடி வாந்தி, படியேறத் திணறல் என்று இரண்டு மூன்று சேர்ந்திருந்தால் ஓடச் சொல்லாதீர்கள். பெற்றோரை அழைத்துப் பேசி மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அந்த மாணவி கேட்ட பிறகுதான் பையனைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். ரத்தசோகை என்றார்கள். மாத்திரை சாப்பிட்டான். அடுத்த பருவத்தில் நான்கு சுற்று ஓடிவிட்டு வந்து, "எண்ணினீங்களா சார்?" என்றான்.