சுவரில் இருந்து வீட்டுக்குப் போன படங்கள்

(நூற்றாண்டு விழாவின் முதல் நாள் மாலை, கல்லூரி மண்டபத்தில் நிகழ்த்திய உரை)

பெருமதிப்புக்குரிய அதிபர் அவர்களே, பழைய மாணவிகள் சங்கத் தலைவி அவர்களே, எங்களுக்குக் கற்பித்த ஆசிரியைகளே, கடல் கடந்தும் வந்திருக்கும் அக்காமாரே, தங்கைமாரே, உங்கள் எல்லோருக்கும் எங்கள் அன்பு வணக்கம்.

“எங்கள்” என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மேடையில் நிற்பது ஒருவர்தான். ஆனால் இந்த உரை மூவருக்கும் பொதுவானது. நாங்கள் மூவரும் இங்கே ஒரே வகுப்பில் படித்து, ஒரே ஆண்டில் மருத்துவபீடத்துக்குப் போனவர்கள். இன்று ஒருவர் மெல்பேணில், ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் இங்கே. வைத்தியர்கள் பேச வந்தால் நீரிழிவைப் பற்றியோ குருதி அமுக்கத்தைப் பற்றியோதான் பேசுவார்கள் என்று நினைத்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம். இன்று நாங்கள் பேச வந்தது இரவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பற்றி. ஜேர்மனியின் ஹாம்பேர்க் நகரத்தில், ஒரு பழைய கடையில், ஒரு சுவீடன்காரர் எடுத்த படங்களைப் பற்றி. அந்தக் கடைக்குப் போவதற்கு முன்னர் எங்கள் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் இங்கே படித்தவர்களுக்கு ஜாம் போத்தல் விளக்கு ஞாபகம் இருக்கும். போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதில் ஊறும் அளவுக்கு மண்ணெண்ணெய், ஒரு சின்னத் திரி. அந்த வெளிச்சத்தில்தான் நாங்கள் சோதனைக்குப் படித்தோம். அந்த நாட்களில் எங்கள் விஞ்ஞான ரீச்சர் ஊசித்துளைக் கமரா செய்யக் கற்றுத் தந்தார். சப்பாத்துப் பெட்டி, அதில் ஓர் ஊசித்துளை, மறுபக்கம் எண்ணெய் தடவிய தாள். வகுப்பு யன்னல்களைச் சாத்திவிட்டு விளக்கின் முன்னால் பெட்டியைப் பிடித்தோம். தாளில் சுடர் தலைகீழாக நின்றது. கமரா ஒன்றை நாங்கள் முதன்முதலாகத் தொட்டது அப்படித்தான்.

உண்மையான கமரா கைக்கு வந்தது மருத்துவபீடத்தில். 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பிறகு பாதை திறந்தது. கொழும்பிலிருந்து கறுப்பு வெள்ளை பிலிம் எடுப்பிக்க முடிந்தது. இரவிலும் கடைகள் திறந்திருந்தன. ஆஸ்பத்திரிக்கு அருகில் ஒரு பழைய தேத்தண்ணிக் கடை. வாட்டில் இருந்து களைத்து வந்தால் ஒரு பிளேன்ரீயும் ஒரு வடையும். எங்களைப் போல அங்கே இரவில் இருந்தவர்கள், உள்ளே யாருக்காகவோ காத்திருந்தவர்கள். ஒரு குண்டு பல்ப்பின் கீழே அவர்களின் முகங்கள். மூவரும் காசு சேர்த்து வாங்கிய பழைய கமராவால் அங்கே மூன்று பிலிம் சுருள் எடுத்தோம்.

அதில் ஒரு படம் நன்றாக வந்தது. வாங்கில் சாய்ந்தபடி உறங்கிய ஒரு முதியவர். கையில் மருந்துத் துண்டு. மேசையில் ஆறிப்போன தேத்தண்ணி. அவரிடம் நாங்கள் கேட்கவில்லை. உறங்குகிறவரை எழுப்பி எப்படிக் கேட்பது என்று எங்களுக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டோம். படத்தை மாணவர் கண்காட்சி ஒன்றுக்குக் கொடுத்தோம். எல்லோரும் பாராட்டினார்கள். கண்காட்சி முடிந்த பிறகு அந்தப் பிரதி எங்கே போனது என்று நாங்கள் தேடவில்லை.

அடுத்த ஆண்டு ஒரு பெண் எங்களைத் தேடி வந்தார். கண்காட்சியைப் பார்த்த யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

“பிள்ளையள், உங்களிட்டை எங்கட ஐயாவின்ர படம் இருக்காம். அவர் மோசம் போய் ஏழு மாசம். வீட்டில அவற்ற படம் ஒண்டும் இல்லை. தொண்ணூற்றைஞ்சில ஓடேக்கை எல்லாத்தையும் விட்டிட்டுத்தானே போனனாங்கள். ஒரு கொப்பி போட்டுத் தருவியளோ?”

அன்று இரவே விடுதி அறையைத் தலைகீழாக்கித் தேடினோம். நெகற்றிவ் சுருளைக் கண்டெடுத்தோம். மாரிக் காலத்து ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் பூஞ்சணம் பிடித்திருந்தது. பிரித்தெடுத்தபோது படத்தின் பூச்சும் சேர்ந்து கழன்று வந்தது. அந்த அம்மாவிடம் போய் இல்லை என்று சொன்னோம். அவர் எங்களை ஏசவில்லை. “பரவாயில்லை பிள்ளையள், பாத்தவை நல்ல வடிவாய் இருந்தது எண்டு சொல்லிச்சினம்” என்றார். ஏசியிருந்தால் சுமை கொஞ்சம் குறைந்திருக்கும்.

அவருடைய ஐயாவின் முகம் ஊருக்கெல்லாம் காட்டப்பட்டது. மகளின் வீட்டுச் சுவருக்கு அது போய்ச் சேரவில்லை. அந்தத் தவறு எங்களுடையது.

பல ஆண்டுகள் சென்ற பின் எங்களில் ஒருவருக்கு ரொறன்ரோவில் ஒரு படப்புத்தகம் கிடைத்தது. பெயர் ‘கபே லேமிற்ஸ்’. எடுத்தவர் அன்டர்ஸ் பீற்றர்சன், 1944 இல் சுவீடனில் பிறந்தவர். பதின்ம வயதில் ஹாம்பேர்க்கில் சில காலம் இருந்தவர். பிறகு ஸ்டொக்ஹோமில் கிறிஸ்ற்றர் ஸ்ற்றோம்ஹோல்ம் என்ற பெரிய படப்பிடிப்பாளரிடம் படித்தார். 1967 இல் மீண்டும் ஹாம்பேர்க் போனபோது, துறைமுகத்தை அண்டிய பகுதியில் இருந்த லேமிற்ஸ் என்ற கடைக்குள் நுழைந்தார்.

அது இரவு முழுக்க ஆட்கள் நிறைந்திருக்கும் மலிவான மதுக்கடை. மாலுமிகள், துறைமுகத் தொழிலாளர், உடலை விற்றுப் பிழைத்த பெண்கள், பெண் உடை உடுத்த ஆண்கள், வீடில்லாதவர்கள், குடியை விட முடியாதவர்கள் எல்லோரும் அங்கே வந்தார்கள். எங்கள் மண்டபத்தில் இவர்களைப் பற்றிப் பேசுவது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். ஆனால் வைத்தியர்களாகிய எங்களுக்கு இவர்கள் புதியவர்கள் அல்லர். இரவு இரண்டு மணிக்கு விபத்துப் பிரிவின் கதவைத் திறந்தால் அங்கே நிற்பவர்களும் இவர்கள்தான்.

முதல் படம் எடுத்த விதத்தைப் பீற்றர்சனே பலமுறை சொல்லியிருக்கிறார். கமராவை மேசையில் வைத்துவிட்டு அவர் ஆடிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால், கடையில் இருந்தவர்கள் அந்தக் கமராவை எடுத்து ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கமரா என்னுடையது, என்னையும் ஒரு படம் எடுங்கள் என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் அவர் அவர்களை எடுக்கத் தொடங்கினார். முதலில் கமரா அவர்கள் கையில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். அதன் பிறகு ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் திரும்பத் திரும்ப அந்தக் கடைக்குப் போனார்.

படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. கறுப்பு வெள்ளை பழைய காலத்துப் பாவனை என்று சிலர் நினைப்பார்கள். இந்த இடத்தில் மட்டும் வைத்தியராகக் கொஞ்சம் பேச அனுமதியுங்கள். எங்கள் விழித்திரையில் இரண்டு வகைக் கலங்கள் இருக்கின்றன. கூம்புகள் நிறத்தைக் காண்பவை. அவற்றுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். கோல்கள் மங்கிய வெளிச்சத்திலும் வேலை செய்பவை. ஆனால் அவற்றுக்கு நிறம் தெரியாது. வெளிச்சம் நன்றாகக் குறைந்துவிட்டால் நாங்கள் எல்லோரும் கறுப்பு வெள்ளையில்தான் பார்க்கிறோம். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் வரை எடுக்கும். அவ்வளவு நேரம் இருளில் பொறுத்திருப்பவருக்கே அங்கே இருப்பவை தெரியும்.

பிலிமுக்கும் பொறுமை வேண்டும். குறைந்த வெளிச்சத்தில் கமராவின் துளையை அகலத் திறக்க வேண்டும். கதவை அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும். அந்த நேரத்தில் ஆள் அசைந்தால் முகம் கலங்கும், எடுப்பவரின் கை அசைந்தால் படம் முழுவதும் கலங்கும். வேகமான பிலிமைப் போட்டால் மணல் தூவியது போலப் பொரிபொரியாக வரும். 1930களில் பாரிஸ் நகரத்தின் இரவுக் கடைகளைப் படமெடுத்த பிரசாய், கண்ணாடித் தட்டுக் கமராவும் மக்னீசியம் வெளிச்சமும் கொண்டு போனார்; படத்துக்கு இருப்பவர்கள் அசையாமல் இருந்து ஒத்துழைக்க வேண்டியிருந்தது. சிறிய கமராவும் வேகமான பிலிமும் வந்த பிறகு அந்த ஒத்துழைப்பு இல்லாமலே படம் எடுக்க முடிந்தது. வசதி கூடியது. கேட்க வேண்டிய தேவை குறைந்தது. உறங்கிய முதியவரை நாங்கள் எடுத்தது அந்த வசதியால்தான்.

லேமிற்ஸ் படங்களில் மிகவும் அறியப்பட்டதில், சட்டை இல்லாத ஓர் இளைஞன் ஒரு பெண்ணின் மார்பில் தலை சாய்த்திருக்கிறான். அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். 1985 இல் ரொம் வெயிற்ஸ் என்ற அமெரிக்கப் பாடகரின் இசைத்தட்டு அட்டையில் வந்து அந்தப் படம் உலகமெங்கும் போனது. ஆனால் எங்களை உறைய வைத்தது வேறொரு செய்தி.

1970 இல் பீற்றர்சன் தன் முதல் தனிக் கண்காட்சியை வைத்தார். எந்த மண்டபத்தில்? அதே கடையில். குடிக்கும் மேசைக்கு மேலே உள்ள சுவரில் 350 படங்களை அடித்து மாட்டினார். படத்தில் தன்னைக் காண்பவர் அதைக் கழற்றிக்கொண்டு போகலாம் என்று சொல்லிவிட்டார். சில நாட்களில் படங்கள் எல்லாம் வீடுகளுக்குப் போய்விட்டன. புத்தகமாக அவை ஜேர்மனியில் வெளிவந்தது 1978 இல். சுவர் முதலில், புத்தகம் எட்டு ஆண்டுகள் கழித்து. எங்கள் கண்காட்சியில் நாங்கள் தவறவிட்டது இந்த வரிசையைத்தான்.

நோயாளரைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னர் அவரோடு இருந்து, அவர் சொல்வதைக் கேள் என்று மருத்துவத்தில் முதலாம் நாளே சொல்லித் தருகிறார்கள். அனுமதி கேள், கண்டுபிடித்ததை முதலில் அவருக்கே சொல். வாட்டில் இதைத் தவறாமல் செய்த நாங்கள், தேத்தண்ணிக் கடைக்கு வந்ததும் மறந்துவிட்டோம். இன்று எல்லோர் கையிலும் இருட்டில் படமெடுக்கும் கைபேசி இருக்கிறது. விபத்துப் பிரிவில், மரண வீட்டில், இரவு பஸ்ஸில் தூங்கி விழும் ஆளில் எங்கும் அது நீள்கிறது. கேட்காமல் எடுத்த படம் காலையில் ஆயிரம் பேரைச் சென்றடைகிறது. படத்தில் இருப்பவர்தான் கடைசியாக அறிகிறார், அல்லது அறிவதே இல்லை. தங்கைமாரே, எடுக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எடுங்கள். ஆனால் கேட்டு எடுங்கள். எடுத்ததை முதலில் அவருக்குக் காட்டுங்கள். ஒரு பிரதி கொடுங்கள். எங்களைப் போல எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிய சமூகத்தில், ஒரு முகத்தின் ஒரே படம் உங்கள் கையில் இருக்கக்கூடும்.

இனி ஓர் அறிவித்தல். கடந்த ஒரு கிழமையாக எங்கள் பழைய சிற்றுண்டிச்சாலையில் இரவிரவாக வேலை நடந்தது உங்களுக்குத் தெரியும். மாலை கட்டியவர்கள், பாத்திரம் கழுவியவர்கள், கோலமாவு அரித்தவர்கள், எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிய அக்கா, வாசலில் இருந்த காவலாளி ஐயா. அங்கே இரண்டு பல்ப்தான் எரிந்தது. ஒவ்வொருவரிடமும் கேட்டு நாங்கள் படம் எடுத்தோம். வேண்டாம் என்ற நான்கு பேரை எடுக்கவில்லை. எல்லாம் கறுப்பு வெள்ளை. சில கொஞ்சம் கலங்கித்தான் இருக்கின்றன. எங்கள் கை இப்போது முன்போல உறுதியாக இல்லை.

அந்தப் படங்கள் சிற்றுண்டிச்சாலையின் வலப்பக்கச் சுவரில் மாட்டப்பட்டிருக்கின்றன. உங்கள் முகத்தைக் கண்டால் கழற்றிக்கொண்டு போங்கள். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வர முடியாத அம்மாவின் படமோ சகோதரியின் படமோ இருந்தால் அவர்களுக்காக எடுத்துச் செல்லுங்கள். இந்த மலரில் ஒரு படமும் அச்சாகவில்லை. முதலில் அவை உங்கள் வீட்டுக்குப் போக வேண்டும்.

ஐயாவின் மகளுக்கு நாங்கள் கொடுக்க முடியாமற்போன படத்துக்கு இது ஈடாகாது. அது எங்களுக்குத் தெரியும். நாளை மாலை விழா முடிந்து வரும்போது அந்தச் சுவர் வெறுமையாக இருந்தால் எங்களுக்கு அது போதும்.