மின்னூற் கருவிக்கு ஓர் உறை



நம் முன்னோர் பனையோலைகளில் எழுதினர். அவற்றைத் துளையிட்டுக் கயிற்றில் கோத்தனர். மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டித் துணியில் பொதிந்தனர். ஓலை வளையாமலும் ஓரம் சிதையாமலும் காத்தது அச்சட்டம். 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிண்டில் வெளிவந்த பின்னர் பரவிய மின்னூற் கருவிகள், இன்று உங்களிற் சிலர் கைகளிலும் உள்ளன. அதற்கேற்ற உறையைத் தெரிந்தெடுப்பது எப்படி?

எதைக் காக்கப் போகிறோம் என்பதை முதலில் அறிதல் வேண்டும். இக்கருவியின் திரையில், தலைமயிரின் பருமனே உள்ள குமிழ்கள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. அவற்றினுள் கருந்துகள்களும் வெண்துகள்களும் மிதக்கின்றன. மின்விசைக்கு ஏற்ப அவை மேலெழுந்து எழுத்தாகத் தோன்றுகின்றன. அவ்விசையைச் செலுத்தும் நுண்ணமைப்பு, பெரும்பாலான கருவிகளில், மிக மெல்லிய கண்ணாடித் தகட்டின்மேல் அமைந்துள்ளது. கருவியின் உயிர்நிலை அதுவே.

என் தெருவில் வாழும் கல்லூரி மாணவி ஒருத்தி, உதவித்தொகையில் மிச்சம் பிடித்து இக்கருவியை வாங்கினாள். பின்புறத்தையும் மூலைகளையும் பற்றும் ரப்பர் உறை ஒன்றையும் அணிவித்தாள். ஒருநாள் பேருந்து நெரிசலில், பைக்குள் இருந்த சோற்றுச் சம்புடம் திரையை அழுத்திவிட்டது. "மேலே ஒரு கீறல்கூட இல்லையே, ஐயா! எழுத்து ஏன் வரவில்லை?" என்று கேட்டாள். உள்ளிருந்த தகடு முறிந்திருந்தது. பழுதுபார்க்கக் கேட்ட கூலியோ புதுக்கருவியின் விலையை நெருங்கியது. தேர்வுக்குரிய நூல்கள் யாவும் அதில்தான் இருந்தன.

இதிலிருந்து நாம் அறிவது யாது? ரப்பர் உறை வீழ்ச்சியின் அதிர்ச்சியைத் தாங்கும். துணிப்பை கீறலைத் தடுக்கும். அழுத்தத்தைத் தாங்க இவ்விரண்டாலும் இயலாது. ஆகவே, திரையின்மேல் விறைப்பான அட்டை மூடும் உறையையே முதற்கண் நாடுங்கள்.

இரண்டாவது, பொருத்தம். ஒரே பெயருடைய கருவியும் பதிப்புக்குப் பதிப்பு அளவில் மாறக்கூடும். விசைப்பொத்தானும் மின்னேற்றும் துளையும் மறையாமல் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

மூன்றாவது, எடை. கருவியின் எடை ஏறத்தாழ 200 கிராம். உறையும் அதே அளவு கனத்தால், அரைமணி நேரத்தில் கை சோர்ந்துவிடும், படிப்பும் நின்றுவிடும்.

நான்காவது, மூடி. சில உறைகளில் உள்ள காந்தம், மூடியவுடன் கருவியை உறங்கச் செய்து, திறந்தவுடன் எழுப்பும். பைக்குள் தானே திறந்துகொள்ளும் தளர்ந்த மூடியால் இப்பயன் கிட்டாது. தோலுறை வாங்குவோர், மழைக்காலத்தில் அதில் பூஞ்சை படரும் என்பதையும் மறவாதீர்கள்.

பொருள் வசதி இல்லையே என்று வருந்த வேண்டா. கருவியைவிடச் சற்றே பெரிய இரண்டு தடித்த அட்டைகளை எடுத்து, உட்புறம் மெல்லிய பருத்தித் துணி ஒட்டி, ஒரு பக்கம் துணியால் இணைத்து, நாடாவால் கட்டுங்கள். சுவடிக்குச் சட்டம் அமைத்தவர்கள் செய்ததும் இதுவே அன்றோ? அப்போதும் சம்புடத்தை வேறு பையில் வையுங்கள்.

விலையையும் வண்ணத்தையும் இறுதியில் பாருங்கள். எளிதில் திறந்து நாள்தோறும் படிக்க இடந்தரும் உறையே நல்லுறை.