தன்னியல்பில் வாழ்தல்

(தசலட்சண பருவத்தின் மூன்றாம் நாளாகிய உத்தம ஆர்ஜவத் திருநாளில் முடிச்சூரில் ஆற்றிய உரை)



ஆர்ஜவம் என்றால் நேர்மை, வளைவின்மை. நினைப்பும் சொல்லும் செயலும் ஒரே நேர்கோட்டில் நிற்பது. அதற்கு மாறானது மாயை. நான்கு கஷாயங்களுள் கோபம் எதிரே நிற்பவர்க்கு உடனே தெரிந்துவிடும். மானம் நடையிலேயே தெரியும். லோபமும் நெடுநாள் மறைந்திருக்காது. மாயை ஒன்றே, அதனை உடையவனுக்கும் தெரியாமல் உள்ளே குடியிருக்க வல்லது. விலங்கு கதிக்கு வாயிலாகத் தத்துவார்த்த சூத்திரம் இம்மாயையையே கூறுகின்றது.

இக்காலத்து இளைஞர்கள் அடிக்கடி கூறும் சொல் ஒன்று உண்டு: “நான் நானாகவே வாழ விரும்புகிறேன்.” பெரியவர்கள் இதனைக் கேட்டதும் முகம் சுளிக்கின்றோம். சுளிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. இது நம் ஆசாரியர்கள் கேட்ட வினாவே. ஆனால் “எனக்குக் கோபம் வந்தால் கொட்டிவிடுவேன், அதுதான் நான்” என்று ஒருவர் கூறும்போது அவ்வினாவிற்கு விடை தவறிவிடுகின்றது. கொதிக்கும் நீரைத் தொட்டுவிட்டு, சூடே நீரின் இயல்பு என்று சொல்வாருண்டோ? அடுப்பிலிருந்து இறக்கி வைத்தால் அது தானே குளிர்ந்துவிடும். கோபமும் அத்தகையதே, வந்தது, போகும். வந்ததையும் போனதையும் அறிந்துகொண்டிருந்த ஒன்று உள்ளதே, அதனையே குந்தகுந்த ஆசாரியர் ‘தான்’ என்றார்.

பொன்னூர் மலையேறி அப்பெருமகனாரின் திருவடிகளை வணங்கி வந்தவர்கள் இவ்வவையில் பலர் இருப்பீர்கள். அவர் அருளிய சமயசாரத்திற்கு அமிர்தசந்திர ஆசாரியர் கூறும் விளக்கத்தில் ஓர் உவமை வருகின்றது. ஒருவன் சலவை செய்பவர் வீட்டிலிருந்து வேறொருவரின் துணியைத் தன்னுடையதென்று எண்ணி எடுத்து வந்து, அதனைப் போர்த்திக்கொண்டு உறங்குகின்றான். உரியவர் வந்து ஒரு முனையைப் பற்றி இழுத்து எழுப்புகின்றார். அவன் துணியின் அடையாளங்களைப் பார்க்கின்றான், தன்னுடையதன்று என்று தெளிகின்றான், கொடுத்துவிடுகின்றான்.  ‘இது பிறனுடையது’ என்ற அறிவு வந்தபோதே துறவும் வந்துவிட்டது. அறிவே துறவு என்று ஆசாரியர் கூறுவதன் பொருள் இதுவே.

இவ்வூரில் வாழ்வோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்தபோது, வீடுகளிலிருந்து மக்களைப் படகுகளில் மீட்க நேர்ந்தது. கட்டில், பீரோ, பட்டம் பெற்ற சான்றிதழ், வீட்டுப் பத்திரம் எல்லாம் ஒரே சேற்றில் கிடந்தன. இழப்பு பெரிது, அதனைத் தத்துவம் பேசிச் சிறிதாக்குவது அறமாகாது. ஆயினும், படகில் ஏறும்போது எதனை எடுத்துக்கொள்வது என்று ஒரு கணம் நின்று சிந்தித்தவர் எவரும், ‘என்னுடையது’ என்னும் சொல்லுக்கும் ‘நான்’ என்னும் சொல்லுக்கும் உள்ள தொலைவை அறிந்தவரே.

இங்கே நமக்கும் ஒரு கேள்வி எழுகின்றது. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிக் கிராமங்களிலிருந்து பிழைப்பும் படிப்பும் நாடி இப்புறநகருக்கு வந்த குடும்பங்கள் நாம். ‘நான் நயினார்’, ‘நான் தமிழ்ச் சமணன்’ என்பதும் போர்த்திய துணிதானா? சமயசாரத்தின் நிச்சய நோக்கில், ஆம். சிலருக்கு இது கசக்கும். ஆனால் வியவகாரம் என்னும் படியின்றி நிச்சயத்தை எட்டுவார் அரியர் என்பதையும் அந்நூலே உணர்த்துகின்றது. குலமும் வழக்கமும் படிகள். படியில் நின்று ஏறலாம். அதனையே வீடாக்கிக் குடியிருக்கலாகாது.

இவ்விரண்டையும் ஒருங்கே கைக்கொண்டவராகப் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினாரைக் கூறுவேன். 1880இல் பிறந்த அவர், ஆங்கிலேயர் காலத்து அரசுக் கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். 1936இல் நீலகேசியை உரையுடன் பதிப்பித்த அதே கரங்கள், 1950இல் சமயசாரத்தை ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டன. அதன் முன்னுரையில் கிரேக்க அறிஞர் ஆன்மாவைப் பற்றி எண்ணியதையும், நவீன அறிவியலின் கருத்தையும், உபநிடதங்களையும் குந்தகுந்தருக்கு அருகில் வைத்து ஆராய்கின்றார். பிறர் சிந்தனையைக் கற்றதால் அவர் தம்முடையதை இழக்கவுமில்லை. தம்முடையது என்பதற்காகப் பிறருடையதைக் கற்க மறுக்கவுமில்லை.

இனி நம் இல்லங்களுக்கு வருவோம். சிராவகர்க்குப் பதினொரு பிரதிமைகள் வகுக்கப்பட்டுள்ளன. ஏன் பதினொன்று? எல்லோரும் ஒரே படியில் நிற்க இயலாது என்பதனால். தீர்த்தங்கரத்துவத்திற்குக் காரணமான பதினாறு பாவனைகளிலும் தியாகத்தையும் தவத்தையும் ‘சக்திக்கேற்ப’ என்றே கூறினர். ஆகவே ஒவ்வொருவரும் தமக்குரிய வாழ்க்கை நெறியைத் தாமே அளந்து வகுத்துக்கொள்ள நம் அறம் இடமளித்துள்ளது. இடமளிக்காதது ஒன்றே: இரண்டாம் படியில் நின்றுகொண்டு ஆறாம் படியில் நிற்பதாகக் காட்டுவது.

மகனுக்கு இரவுப் பணி. பத்து மணிக்கு உண்கின்றான். ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில், “பொழுதோட சாப்பிட்டியாப்பா?” என்று கேட்கின்றார். “சாப்பிட்டேன் பாட்டி” என்கின்றான். அவன் இரவில் உண்டதைவிட அந்த ஒரு சொல்லே அவனை அதிகம் வளைக்கின்றது. பிழை அவனுடையது மட்டுமன்று. உண்மையைச் சொன்னால் வீட்டில் பெரும் கலகம் எழும் என்றால், பொய்யை நாமே ஊட்டி வளர்க்கின்றோம். “இப்போதைக்கு விடுமுறை நாளில் மட்டும் கடைப்பிடிக்கிறேன் பாட்டி” என்று அவன் சொல்லவும், “சரிடா கண்ணு” என்று அவர் ஏற்கவும் முடிந்தால், அவ்விருவரிடமும் ஆர்ஜவம் இருக்கின்றது. அந்த அளவான விரதம் பின்னர் வளரும். காட்டுவதற்காக மேற்கொண்ட விரதம் வளர்ந்து நான் பார்த்ததில்லை.

பெரியவர்களும் தப்பிவிட இயலாது. உபவாசத்தை உறவினர் அறியச் சொல்லும் ஆவலும், பூசையில் முன்வரிசை தேடும் விருப்பமும் இத்தகையனவே. திருமணத்திற்கு வரன் பார்க்கும்போது நம் பிள்ளைகளைப் பற்றி எழுதித் தரும் குறிப்பைப் பற்றி நான் எதுவும் கூறப்போவதில்லை. நீங்கள் சிரிப்பதிலிருந்தே தெரிகின்றது.

இன்றிரவு பிரதிக்கிரமணத்தில் அமரும்போது, ஒவ்வொருவரும் தாம் நிற்கும் படி எது என்பதைத் தமக்குத் தாமே சொல்லிப் பாருங்கள். மறுநாள் அதற்கேற்ற ஒரு விரதத்தை, ஒரு மாத அளவுக்கேனும், வீட்டாரிடம் கூறி மேற்கொள்ளுங்கள். எது என்று நான் கேட்கமாட்டேன்.

கதிரவன் மறைய இன்னும் சிறிது நேரமே உள்ளது. தாய்மார்கள் சமைத்து வைத்த உணவு காத்திருக்கின்றது.