செய்தியைச் சொல்லும் உரிமை எவருக்கு?
(மட்டக்களப்பில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



செய்தியைப் பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்தீர்கள். வேளாண்மை செய்வோனுக்குச் செய்தியால் ஆவதென்ன என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். மயிலத்தமடுவில் மாடு மேய்ப்பவரைக் கேட்டுப் பாருங்கள்; விடை கிடைக்கும். அவ்விடயத்துக்குப் பின்னர் வருவோம். அதற்கு முன், இவ்வாவிக்கரையில் நிகழ்ந்த ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம்.

1987ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியில், கொக்கட்டிச்சோலைப் பகுதியில் நிகழ்ந்த படை நடவடிக்கையின்போது, மகிழடித்தீவு இறால் பண்ணைத் தொழிலாளர் பலர் கொல்லப்பட்டனர். மாண்டோர் ஆயுதம் தாங்கியோர் என்றது கொழும்பிலிருந்து வந்த அறிவித்தல். மண்முனைத் துறையில் அன்று பாலம் கிடையாது. அது 2014இலேதான் வந்தது. ஊராரின் சொல் துறை கடந்து நகருக்கு வந்து, நகரிலிருந்து தலைநகர் சென்று, ஆங்கே ஒரு பத்திராதிபரின் மேசையில் இடம் பெறுதல் வேண்டும். அது வந்து சேருமுன் அரசாங்க அறிவித்தல் உலகெங்கும் பரவிவிடும். அவ்வாறிருந்தும் அன்றைய அறிவித்தல் ஐயத்துக்கு உள்ளானதே, எதனால்? அப்பண்ணையில் அமெரிக்க மூலதனம் இருந்தது. மாண்டவர் தம் தொழிலாளரே என்று அதன் அமெரிக்கப் பணிப்பாளர் பகிரங்கமாகக் கூறினார். அவர் கூறியதை உலகம் செவிமடுத்தது. இறால் பண்ணைக்குப் பதிலாக அது ஒரு நெல்வட்டையாக இருந்திருப்பின், வட்டை விதானையின் வார்த்தையை எவர் கேட்டிருப்பர்?

அக்காலத்து ஒழுங்கு அத்தகையது. திணைக்களம் அறிவிக்கும், பத்திரிகை அச்சிடும், மக்கள் படிப்பர். மக்கள் தொடர்பு என்று பெயர் சூட்டப்பட்ட தொழில், உண்மையில் பத்திராதிபரோடு கொண்ட தொடர்பேயன்றி மக்களோடு கொண்டதன்று. அதை மீறி வந்த குரல்கள் மிகச் சில. இரவில் பி.பி.சி. தமிழோசைக்காக வானொலியைச் சுற்றிக் குந்தியிருந்த நாட்கள் இங்கு பலருக்கும் நினைவிருக்கும். அவ்வானொலிச் சேவையும் 2017 ஏப்பிரல் 30ஆம் நாளோடு ஓய்ந்தது.

இவ்வொழுங்கை உடைத்தவருள் முதன்மையானவர் இம்மண்ணின் மகன் ஒருவர். ‘தராக்கி’ என்ற புனைபெயரால் நாடறிந்த தர்மரத்தினம் சிவராம் அவர்களையே குறிப்பிடுகிறோம். 1997இல் ‘தமிழ்நெற்’ என்னும் இணையச் செய்தித் தளத்தைத் திருத்தியமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் செய்த காரியம் எளிமையானது; ஆனால் அதற்கு முன் எவரும் இங்கு செய்யாதது. வடக்கிலும் கிழக்கிலும் ஊர் ஊராக நிருபர்களை அமர்த்தினார். அவர்களுக்குக் கருவிகளும் பயிற்சியும் ஊதியமும் கிடைக்கச் செய்தார். கொழும்பு மேசைக்குப் போகாமலே வாவிக்கரைச் செய்தி உலகத்தின் கண்முன் வந்தது. வெளிநாட்டுத் தூதரகங்கள் காலையில் அதைப் படித்தன. அரசாங்க அறிவித்தலை எழுதுவோரும் அதைப் படித்த பின்னரே பேனாவை எடுக்க வேண்டியதாயிற்று. மண்டூரில் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் மார்க் விற்றேக்கர் அவரைப் பற்றி 2007இல் ஒரு முழு நூலே எழுதினார்.

சிவராம் முன்னர் ஓர் இயக்கத்தில் இருந்தவர். அத்தளம் ஒரு பக்கம் சார்ந்தது என்று குறை கூறியோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். அக்குறையை மறைக்க நாம் இங்கு வரவில்லை. ஆயினும் அதன் நடையைக் கவனியுங்கள். கண்ணீரும் வசைமொழியும் அங்கு இல்லை. இன்ன நாள், இன்ன இடம், இத்தனை பேர், கூறியவர் இன்னார் என்ற வரிகளே இருந்தன. மேடைப் பேச்சில் ஊறிய எம்மவர்க்கு இது எளிதில் வருவதன்று, எமக்குந்தான்! உலகச் செய்தி நிறுவனம் எழுதும் பாணியில் ஓர் ஊர் நிருபர் எழுதினார். ஆகவே அதை மறுக்க விரும்பியவரும் விவரத்தோடு மறுக்க வேண்டியிருந்தது.

அதற்குக் கொடுத்த விலை சொல்லுந்தரமன்று. வீரகேசரியின் மட்டக்களப்பு நிருபர் ஐயாத்துரை நடேசன் 2004 மே 31ஆம் நாள் இந்நகரிலே பணிக்குச் செல்லும் வழியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். 2005 ஏப்பிரல் 28ஆம் நாள் இரவு சிவராம் பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்டார். மறுநாள் அவருடைய சடலம் பாராளுமன்றத்துக்கு அண்மையிற் கிடந்தது. இவ்விரு கொலைகளுக்கும் இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. 2007 ஜூன் மாதத்தில் அத்தளமே இலங்கைக்குள் தடுக்கப்பட்டது.

இப்போது காலம் மாறிவிட்டது. கருவி கொடுக்க ஒரு சிவராம் வேண்டியதில்லை. கமக்காரனின் மடியிலேயே கைபேசி இருக்கிறது. வெள்ள நிவாரணம் குறைவின்றி வழங்கப்பட்டது என்று ஒரு காரியாலயம் அறிவித்த அரைமணி நேரத்தில், இடுப்பளவு நீரில் நிற்கும் ஒரு குடும்பத்தின் நிழற்படம் அதற்கு மறுமொழியாக வந்துவிடக்கூடும். 2017 பெப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்த தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, கணக்கைக் காட்டுமாறு எந்தப் பிரசையும் எழுதிக் கேட்கலாம். உத்தியோகத்தராயுள்ள நண்பர்களுக்கு ஒரு சொல்: நீங்கள் எழுதும் அறிவித்தலை இனி முதலிற் படிப்பவர் பத்திராதிபர் அல்லர். அவ்விடத்தில் நிற்பவரே முதலிற் படிக்கிறார்.

ஆனால் இதே கைபேசி என்ன செய்தது என்பதையும் சொல்லாமல் விட்டால் நாம் உண்மையை மறைத்தவராவோம். 2018 பெப்ரவரி இறுதியில், எமது அயல் மாவட்டமாகிய அம்பாறையில், முஸ்லிம் உணவுக்கடை ஒன்றில் உணவோடு மலடாக்கும் மாத்திரை கலக்கப்பட்டது என்று ஒரு வதந்தி பரவியது. அத்தகைய மாத்திரை உலகிலேயே இல்லை. இருந்தும் கடை தாக்கப்பட்டது; பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அடுத்த வாரமே கண்டி மாவட்டம் பற்றியெரிந்தது. அக்கலவரங்களில் தன் தளத்துக்கிருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கோரியது. 2019 ஏப்பிரல் 21ஆம் நாள் இந்நகரின் சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்தபோது, வதந்திக்கு அஞ்சிய அரசாங்கம் சமூக ஊடகங்களையே நாடெங்கும் மூடியது. பிள்ளையைத் தேடிய பெற்றோரின் வழியும் அதனோடு அடைபட்டது. 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, எது பொய்யுரை என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவின் கையிற் கொடுத்தது. இச்சட்டத்தை நாம் ஏற்கவில்லை. எனினும் இதற்குக் காரணங் காட்ட அரசாங்கம் சிரமப்படவில்லை. வதந்தி பரப்பியோரே அதை எடுத்துக் கொடுத்தனர்.

மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரை விடயம் இங்கேதான் வருகிறது. அத்துமீறிய பயிர்ச்செய்கையால் மேய்ச்சல் நிலம் பறிபோகிறது, மாடுகள் வெட்டியும் சுட்டும் கொல்லப்படுகின்றன என்று முறையிட்ட பண்ணையாளர், 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் அறவழிப் போராட்டம் தொடங்கினர். அத்தரை நகரத்து நிருபர் நாள்தோறும் போய்வரும் இடமன்று. காயமுற்ற மாட்டின் படத்தை முதலில் எடுப்பவர் பட்டிக்காரரே. அப்படங்கள் இல்லையேல் இந்நாட்டில் எத்தனை பேருக்கு மாதவணை என்ற பெயர் தெரிந்திருக்கும்? ஆயின் வேறொரு மாவட்டத்தில் இறந்த மாட்டின் பழைய படத்தை, ஆத்திரத்தில் எவரேனும் ஒருவர் சேர்த்துப் போட்டுவிட்டால் என்னாகும்? எதிர்த்தரப்பார் அந்த ஒரு படத்தையே பிடித்துக்கொள்வர். மெய்யான நூறு படங்களும் பொய்யென்றாகும். பால் கறந்து பிழைக்கும் குடும்பங்களின் வழக்கும் அதனோடு சாயும்.

மாரி வருகிறது. பெருமழையில் முகத்துவாரம் வெட்டுவதா, விடுவதா என்ற பிணக்கு இவ்வாண்டும் எழும். வயல் மூழ்குகிறது என்பார் கமக்காரர். வாவி வற்றினால் மீனும் இறாலும் போகும் என்பார் மீனவர். இரு சாராரும் கைபேசியில் எழுதுவர். கச்சேரியில் இருப்போர் எவரை நம்புவது? ஆகவே கமக்காரர் அமைப்புகளிடம் ஒன்று கேட்கிறோம். ஒவ்வொரு வட்டையிலும் அளவு குறித்த ஒரு கோலை இப்போதே நாட்டுங்கள். எழுதத் தெரிந்த இளைஞர் ஒருவரை அதற்குப் பொறுப்பாக்குங்கள். காலையும் மாலையும் நீர் எத்தனை அடி என்று கோலோடு சேர்த்துப் படமெடுத்து, நாளும் நேரமும் தம் பெயரும் இட்டு அவர் வெளியிடட்டும். மீனவர் சங்கமும் தன் துறையில் அவ்வாறே செய்யட்டும். ஐப்பசி பிறக்குமுன் கோல்கள் நிற்க வேண்டும். எந்தெந்த வட்டைக்கு எவர் என்பதை இக்கூட்டம் கலையுமுன் எழுதிக்கொள்வோம்.