கவிமணியை எடையிடுதல்



விழிஞ்ஞத்தில் வாழும் நமக்குக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அயலவர் அல்லர். 1876-இல் தேரூரில் பிறந்த அவர், அண்மையிலுள்ள திருவனந்தபுரத்தில் மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்து, 1931-இல் ஓய்வு பெற்றார். இராசராசன் மெய்க்கீர்த்தி கூறும் காந்தளூர்ச்சாலையைப் பற்றி ஆங்கிலத்தில் ஆராய்ச்சி நூலும் எழுதினார்.

நம் வீடுகளில் அவர் பெயரைச் சொன்னால் பசுவும் கன்றுமே நினைவுக்கு வரும். மேடைகளிலோ உமர்கய்யாமைப் பாரசீகத்திலிருந்தே கொணர்ந்தவர் போலப் புகழ்கிறோம். இரண்டும் நடுநிலை ஆகா.

உமரை 1859-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பிட்செரால்டு, மூலத்தைக் கூட்டியும் குறைத்தும் தம் கருத்துப்படி கோத்தவர். கவிமணி கையிலெடுத்தது அந்த ஆங்கில மாலையையே. அதில் பாரசீகத்து உமரைத் தேடுவோர் ஏமாறுவர். நல்ல தமிழைத் தேடுவோர் ஏமாறார். ‘ஆசிய ஜோதி’யும் அத்தகையதே. ஆர்னால்டு 1879-இல் எதுகையின்றி எழுதிய நெடிய அடிகள், இங்கே வாய்விட்டுப் பாடத்தக்க சந்தங்களாயின. விட்டவையும் உள. அதனைத் தழுவல் என்று அழைத்தால் அதன் பெருமை குறையாது.

ஆயினும் அவரது தனி ஆற்றலைக் காண, ‘நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மிய’த்தையே திறக்க வேண்டும். இதற்கு ஆங்கில மூலம் ஏது? கணவன் தேடிய பொருள் அவன் சகோதரியின் மக்களுக்குச் செல்ல, மனைவியும் பிள்ளைகளும் தெருவில் நின்ற வழக்கத்தை, ஒரு காரணவரின் மனைவி வாயாலேயே புலம்ப வைத்தார். படிக்குங்கால் முதலில் சிரிப்பு வருகிறது. நான்கு பக்கம் சென்றபின் சிரித்ததற்காக வெட்கம் வருகிறது. மாமியின் அதிகாரம், சக்களத்திகளின் பூசல், வழக்காடி அழிந்த குடும்பம் ஆகிய யாவும் நாஞ்சில் நாட்டுப் பேச்சிலேயே அமைந்துள்ளன. (காரணவர் மரபில் வந்த பெரியவர்கள் பொறுத்தருள்க!) திருவிதாங்கூரில் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் 1926-இல் வந்தது. அச்சட்டத்தைக் கவிமணி ஒருவரே கொணர்ந்தார் என்பது மிகை, பலர் உழைத்தனர். ஆனால் சட்டமன்றம் எட்டாத அடுக்களைக்குள் அவர் பாட்டு நுழைந்தது என்று நாம் துணிந்து கூறலாம்.

நம் குழந்தைகள் கன்றுப் பாட்டைத் தொடர்ந்து பாடட்டும். மான்மியத்தின் ஒரு பகுதியை அடுத்த திங்கள் கூட்டத்தில் படிக்க நம் மகளிர் இசைந்துள்ளனர். ஆடவரும் தவறாது வந்திருந்து கேட்க வேண்டுகிறோம்.