கழுத்துக் கழலை ஆபரேஷனும் குழாய் நம்பிக்கையும்



கழுத்தின் முன்புறத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறது. உணவில் அயோடின் சத்து குறைந்தால் அது வீங்கிக் கழலையாகும். ஸ்விட்ஸர்லாந்து மலைநாட்டில் ஊருக்கு ஊர் இந்நோய் இருந்தது. 1922 முதல் அங்கே உப்பில் அயோடின் கலக்க ஆரம்பித்தார்கள், நோய் ஓய்ந்தது. தலைவிதி என்பது ஒரு சிட்டிகை உப்புக்குத் தோற்றுப்போயிற்று!

ஆனால் பெருத்துவிட்ட கழலையை அறுத்துத்தானே எடுக்க வேண்டும்? சங்கடம் அங்கேதான். அந்தச் சுரப்பியில் ரத்த ஓட்டம் மிக அதிகம். 1860க்கும் 1867க்கும் இடையில் ஜூரிச் நகரில் பில்ராத் என்ற பெரிய வைத்தியர் 20 பேருக்கு இந்த ஆபரேஷன் செய்தார். 8 பேர் இறந்தார்கள். அவரே மனம் வெறுத்துச் சில காலம் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு பெர்ன் நகரில் கோக்கர் என்பவர் வந்தார். அவர் செய்த மாயம் என்ன? மாயம் ஒன்றுமில்லை. நிதானமாக, சுத்தமாக, ஒவ்வொரு ரத்தக் குழாயையும் கிடுக்கியால் பிடித்து, நூலால் கட்டி, அதன் பின்பே அறுத்தார். ஆரம்பத்தில் அவரிடமும் நூற்றுக்குச் சுமார் 13 பேர் இறந்தார்கள். கடைசிக் காலத்தில் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கியது. 1909இல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இப்போது வேறொரு விஷயம். ஆபரேஷன் முடிந்த பிறகும் நூற்றில் ஏறக்குறைய ஒருவருக்கு, பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள், உள்ளே ரத்தம் கட்டுவதுண்டு. கழுத்தோ குறுகிய இடம். கட்டிய ரத்தம் அழுத்த, மூச்சுக்குழாயின் வாய் வீங்கி அடைத்துக்கொள்ளும். இதற்குப் பயந்துதான் காயத்தில் ரப்பர் குழாய் வைத்து ரத்தமும் நீரும் வடியவிடும் வழக்கம் வந்தது. ஆசிரியர் வைத்தார், சீடரும் வைத்தார். வைத்தியத்திலும் சம்பிரதாயம் உண்டு, தோழர்களே!

பிற்காலத்தில் சிலர், "இதனால் பலன் உண்டா?" என்று கேட்டு, சிலருக்குக் குழாய் வைத்தும் சிலருக்கு வைக்காமலும் சோதித்தார்கள். சாதாரணத் தைராய்டு ஆபரேஷனில் குழாய் ரத்தக்கட்டைக் குறைக்கவில்லை என்று கண்டார்கள். வலியும் ஆஸ்பத்திரியில் தங்கும் நாளுமே கூடின. காரணம் எளிது: வேகமாக வரும் ரத்தம் குழாயிலேயே உறைந்து அடைத்துக்கொள்கிறது. மார்பெலும்புக்குப் பின்னே இறங்கிய பெருங்கழலைக்கும், கழுத்தின் நிணநீர்க் கட்டிகளைச் சேர்த்தெடுக்கும் ஆபரேஷனுக்கும் குழாய் வேண்டுமா என்பதை வைத்தியர் யோசித்து முடிவு செய்யட்டும்.

ஆகவே நோயாளியின் பக்கத்தில் இருப்பவர்களே, குழாயில் ரத்தம் காணோம் என்று நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள்! கழுத்து வீங்கினாலும், இறுக்கமாயிருக்கிறது என்று சொன்னாலும், குரல் மாறினாலும், மூச்சுத் திணறினாலும் அந்த நிமிஷமே நர்ஸைக் கூப்பிடுங்கள். படுக்கையிலேயே தையலைப் பிரித்து ரத்தத்தை வெளியேற்றினால் உயிர் பிழைக்கும், தாமதித்தால் போகும்.

உயிரைக் காப்பது கட்டிய கையும் விழித்த கண்ணுமே, வெறும் வழக்கமல்ல. கோவில் வழக்கமானாலும் ஆஸ்பத்திரி வழக்கமானாலும், "ஏன்?" என்று கேட்டு, சோதித்து, பலன் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.